நெஞ்சில் கோத்த நீர்

நெஞ்சில் நீர் கோத்தால் அது டி.பி.தான். எங்கள் மலையில் இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை; எனக்கும் வந்ததில்லை. சேலத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருப்பதைக் காட்டி, "நீர் கோத்திருக்கு" என்று சொன்னதுமே மீதியை நானே சொல்லிக்கொண்டேன். வீடு திரும்பி, வாசலில் நின்றபடி என் மனைவி சுமதியிடம் பேசிய முதல் பேச்சு, "பாப்பாவத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போ" என்பதுதான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு எழுதுவது, மாலையில் பறித்த பழத்தை அளந்து எழுதுவது. எழுதியே பழகியவன் ஆயிற்றே, நோயைப் பற்றியும் எழுதி வையுங்கள் என்று பலர் சொன்னார்கள். கணையம் என்றால் என்ன, அமைலேஸ் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு இன்றும் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள். இத்தனை வருஷம் நான் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. என் அம்மா உயிரோடு இருந்தவரை இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

டி.பி. என்றதும் நான் அப்படிப் பதறியது என் அக்கா ராஜாமணியை நினைத்து. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, அவளுடைய பத்தொன்பதாவது வயதில் செத்துப்போனாள். அவளுக்கும் நெஞ்சில் நீர். கம்பவுண்டர் ஒருவர் ஊசி போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைனில் பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. அந்தச் சுவருக்குள் இருமினால் இந்தச் சுவருக்குள் கேட்கும். லைன் ஆட்கள் கூடி அன்றைய ரைட்டரிடம் முறையிட்டார்கள். ரைட்டர் அப்பாவிடம் சொன்னார். காபிப் பழத்தோல் கொட்டும் குழிக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. அக்காவை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

ஏழு மாதம் அங்கே இருந்தாள். சோறும் தண்ணியும் கொண்டுபோவது என் வேலை. கொட்டகைக்குப் பத்தடி தள்ளி ஒரு பாறையில் வைத்துவிட வேண்டும். "வெச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காம ஓடியாந்தரோணும் சாமி" என்பது அம்மாவின் உத்தரவு. நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நான் ஓடும்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் வரும்: "கண்ணு, இன்னொரு சொம்புத் தண்ணி கொண்டாடா." அந்தக் குரலுக்கு நான் ஒரு நாளும் திரும்பியதில்லை.

அதனால் எனக்கு அந்த நோய் என்றானபோது யாரும் என்னை ஒதுக்கத் தேவைப்படவில்லை, நானே ஒதுங்கிக்கொண்டேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு பயப்பட வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். யார் கேட்டது? எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையில் கட்டில் போட்டுக்கொண்டேன். தனித் தட்டு, தனி டம்ளர். ஒன்றரை வயதுக் கவிதா சுமதியின் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக் கை நீட்டுவாள். நான் வேலை இருப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மாத்திரையால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. நீரை ஊசி குத்தி எடுப்பார்கள். மூன்று வாரத்தில் திரும்ப நிரம்பிவிடும். நான்கு மாதத்தில் எழுபது கிலோ ஆள் நாற்பத்தெட்டாக இறங்கினேன். சட்டையை ஆணியில் மாட்டினாலும் என் மேல் மாட்டினாலும் ஒன்றுதான் என்று சுமதியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மா மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு சாக்கு அறைக்கே வந்துவிட்டாள்.

"ஒட்டிக்குமுங்கம்மா. ஊட்டுக்குப் போங்க."

"ஒட்டுனா ஒட்டட்டும். ஒருத்திய உட்டுப்போட்டேன். உன்னைய உட மாட்டேன்."

அக்கா இறந்த பிறகு அவள் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதாவது இப்படி 'ஒருத்தி' என்பாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் மூச்சு முட்டியது. ஐப்பசி மழை, பெரிய ரோட்டில் பாறை விழுந்து பஸ் இல்லை. எஸ்டேட் ஜீப்பில் குப்பனூர் ரோடு வழியாக இறக்கினார்கள். வளைவுக்கு வளைவு அம்மா என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை சேலத்தில் வேறொரு ஆஸ்பத்திரி. என்னைத் தள்ளுவண்டியில் வைத்து எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நேரத்தில் வார்டு டாக்டர், நாகர்கோவில் பக்கத்து இளைஞர், கேஸ் ஷீட்டை நிரப்ப அம்மாவிடம் விவரம் கேட்டிருக்கிறார். என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னாள் என்பது எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

அன்றைக்கே நீர் எடுத்தார்கள். கட்டிலில் உட்கார வைத்து, மடியில் தலையணை கொடுத்து, குனிந்து அதைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். முதுகில் மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே பெரிய ஊசி. இருமக் கூடாது. முன்பெல்லாம் வெளிர் மஞ்சளாக வந்த நீர் இம்முறை கடுங்காப்பி நிறத்தில் வந்தது. டாக்டர் சிறு பாட்டில்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, கடைசிப் பாட்டிலைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு அதிலும் ஏதோ எழுதினார்.

மறுநாள் காலையில் லேபிலிருந்து ஓர் அம்மா நேராக என் கட்டிலுக்கு வந்தார். கையில் அந்தப் பாட்டில்.

"ஏனுங்க, இது உங்க நெஞ்சுல எடுத்ததுதானுங்களா? பாட்டில் கீட்டில் மாறிப்போச்சா?"

"என்ற நெஞ்சுல எடுத்ததுதானுங்க. ஏனுங்க?"

"ரத்தத்துல அமைலேஸ் கேப்பாங்க. மூத்திரத்துல கேப்பாங்க. நெஞ்சு நீர்ல யாரும் கேட்டதில்லைங்க. கேட்டாரேன்னு போட்டுப் பாத்தா மிசினு படிக்கவே மாட்டேங்குது. அவ்வளவு இருக்குது. பத்து மடங்கு நீர்க்க வெச்சும் படிக்கல. நூறு மடங்கு நீர்க்க வெச்சாத்தான் ஒரு நம்பரு வருது."

அவர் போனபின் சாயங்காலம் டாக்டர் வந்து உட்கார்ந்து விளக்கினார். சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும் இல்லையா, அது அமைலேஸின் வேலை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற ஒரு சுரப்பு. எச்சிலில் கொஞ்சம் இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிற கணையம் என்ற உறுப்பு நிறையச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. கணையம் புண்ணானால் அது ரத்தத்தில் கசிந்து கூடும். ரத்தத்திலிருந்து மூத்திரத்திலும் இறங்கும். ரத்தத்தில் நூறு வரை இருக்கலாம் என்றால் எனக்கு இருநூற்றுச் சொச்சம். பொன்னுக்கு வீங்கி வந்தால்கூட அவ்வளவு ஏறும், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வெகுகால நோயில் கணையமே தேய்ந்துபோய், ரத்தத்தில் சாதாரணமாகக் காட்டி ஏமாற்றுவதும் உண்டாம். ஆனால் நெஞ்சு நீரில் முப்பதாயிரத்துக்கு மேல்.

"ரத்தத்தைவிட நீரில் நூறு பங்குக்கு மேல இருக்கு. அப்படின்னா அது ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்தது இல்லை. எங்கிருந்தோ நேரா ஒழுகுது" என்றார் டாக்டர். "உணவுக்குழாய் கிழிஞ்சிருந்தா எச்சில் போய்ச் சேரலாம். சில புற்றுநோயிலும் கூடும். ஆனா இவ்வளவு உசரத்துக்குப் போனா பெரும்பாலும் கணையம்தான். நாளைக்கு இன்னொரு தடவை எடுத்து உறுதி பண்ணிட்டு ஸ்கேன் பார்ப்போம்."

"அப்ப டி.பி.ங்க?"

"எனக்குத் தோணலை. இது யாருக்கும் ஒட்டாது."

சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை அது. பிள்ளையைத் தூக்கலாம், வீட்டுக்குள் படுக்கலாம். ஆனால் எனக்குக் கேட்டது அது அல்ல. அவர் எழுந்து போகும்போது என் காதில் விழுந்தது, "கண்ணு, இன்னொரு சொம்புத் தண்ணி கொண்டாடா."

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே வயிற்று வலி. வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். பழம் பறிக்கப் போகப் பயந்து நடிக்கிறாள் என்று லைனில் பேசுவார்கள். எனக்கும் பதினெட்டு, இருபது வயதில் அந்த வலி இருந்தது, அதேபோலத்தான் உட்காருவேன். பிறகு தானாக விட்டுவிட்டதால் மறந்துபோனேன். இதையெல்லாம் அடுத்தடுத்து நினைத்துப் பார்க்க எனக்கு அந்தக் கட்டிலில் ஏராளமாக நேரம் இருந்தது. இது ஒட்டாத நோய் என்றால், அவளுடையதும் இதுதான் என்றால், அந்த ஏழு மாதம் எதற்கு?

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டாவது தடவை நீர் எடுத்தபோது தலையணையைக் கட்டிக்கொண்டு எங்கள் மலைச்சாமி சேர்வராயனிடம் நான் வேண்டியது இதுதான்: நம்பர் குறைந்துபோகட்டும், பாட்டில் மாறியதாக இருக்கட்டும், எனக்கு டி.பி.யாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது நம்பர் முதல் நம்பரைவிடக் கூடுதலாக வந்தது.

அன்று காலை ரவுண்டில் டாக்டர் கறாராகப் பேசினார். "பழனிவேல், இனிமே ஒரு சொட்டுத் தொடக் கூடாது. கணையம் போனதே அதனாலதான்."

"எதுங்க?"

"குடி."

எனக்குப் புரிந்தது. இரண்டு நாளாக நர்ஸ் என்னை ஏன் அப்படி முறைக்கிறாள், பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் ஏன் ரகசியமாக "உங்களுக்கு எது ஒத்துக்கும், ரம்மா பிராந்தியா?" என்று விசாரித்தார் என்பதெல்லாம் விளங்கியது. நான் கள்ளும் குடித்ததில்லை, சாராயமும் குடித்ததில்லை என்றேன். குடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்வதை நான் சொல்கிறேன் என்பதுபோல அவர் பார்த்தார்.

"உங்கம்மாவே சொன்னாங்களே. எழுதி வச்சிருக்கேன்."

அம்மாவைக் கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, அன்னைக்கு நான் இவர் தண்ணி சாப்பிடுவாரான்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"நொம்பச் சாப்பிடுவான்னு சொன்னனுங்க. இப்பவுந்தான் சாப்பிடறானுங்க. ராத்திரிக்கு ஒரு கொடம் பத்தாதுங்க. எந்திரிச்சு எந்திரிச்சுக் குடிப்பானுங்க."

"என்ன தண்ணிம்மா?"

அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தண்ணியில் என்ன வகை என்று கேட்கிறாரே என்ற பார்வை. "ஊத்துத் தண்ணிங்க. எஸ்டேட்டுல வேற என்ன தண்ணிங்க டாக்டரு இருக்குது?"

லாரி டிரைவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டரும் சிரித்துவிட்டார். குடிகாரன் என்று நினைத்ததால்தான் அவர் கணையத்தைச் சந்தேகப்பட்டு அந்தக் கடைசிப் பாட்டிலில் அமைலேஸ் என்று எழுதினாராம். அம்மா சரியாகப் புரிந்துகொண்டு 'இல்லை' என்று சொல்லியிருந்தால் நான் டி.பி. மாத்திரையைத் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன். சிரிப்பு பாதியிலேயே அவர் முகத்தில் நின்றுபோனது.

"ராத்திரிக்கு ஒரு குடமா?" என்று அவர் மறுபடி கேட்டார்.

அரைமணி நேரத்தில் சர்க்கரை பார்த்தார்கள், நானூற்றுக்கு மேல். மத்தியானம் ஸ்கேன். கணையம் முழுக்கக் கல். இன்சுலின் சுரப்பதும் அதே கணையம்தான், அது கெட்டதால் சர்க்கரை, சர்க்கரையால் தாகம். குடிக்காதவர்களுக்கும், சின்ன வயதிலேயே, இந்தக் கல் நோய் நம் பக்கத்தில் வருவதுண்டாம். குழாய் அடைத்துக்கொண்டு, பின்பக்கமாக ஓட்டை விழுந்து, சுரப்பு மேலேறி நெஞ்சில் நிரம்பியிருந்தது.

அன்று மாலை டாக்டர் பச்சைத் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.

"சில குடும்பத்தில் ஒருத்தருக்கு மேல வரும். உங்க வீட்டில் யாருக்காவது?"

சொன்னேன். வலி, அவள் உட்காரும் விதம், நெஞ்சு நீர், தண்ணி கேட்டது, கொட்டகை. யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவர் எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் இதுதானுங்களா?"

"இருக்கலாம்."

"உறுதியாச் சொல்லுங்க டாக்டர்."

"முடியாது. அந்த நீரை யாரும் இப்படிச் சோதிச்சுப் பார்க்கலை. டி.பி.யாகவும் இருந்திருக்கலாம். ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, நான் பந்தயம் கட்டுறதா இருந்தா கணையத்து மேலதான் கட்டுவேன்."

நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குக் குறை உண்டு.

பத்து நாள் வாயில் ஒன்றும் கொடுக்கவில்லை. சாப்பிட்டால் கணையம் சுரக்கும், சுரந்தால் ஒழுகும் என்று ஊசி வழியாகவே எல்லாம் ஏற்றினார்கள். நெஞ்சில் குழாய், கீழே பாட்டில். பாட்டிலில் நீர் குறைந்துகொண்டே வந்தது. தூங்கும்போது அக்கா வந்தாள். கனவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் நின்று சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவாள். விழித்தால் வார்டில் யாராவது தண்ணி கேட்டுக்கொண்டிருப்பார்கள். யார் தண்ணி கேட்டாலும் எனக்கு நெஞ்சு பதறியது. நடக்க முடிந்ததும், கையில் குழாயோடும் பாட்டிலோடும் போய் நானே கொடுத்தேன். நர்ஸ் சத்தம் போட்டாள். குடிகாரன் பட்டம் போய்க் கிறுக்கன் பட்டம் வந்தது.

பாதை சரியானதும் சுமதி பிள்ளையோடு வந்தாள். என் சட்டைகளைத் துவைத்து மடித்து, மேலே ஒரு கொத்துக் காபிப் பூ வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பருவம் தப்பி ஒரு செடியில் பூத்ததாம். சாப்பிடத்தான் கூடாது, முகரலாம் இல்லையா என்றாள்.

"ஒட்டாதாமே. டாக்டரு சொன்னாரு. புடிங்க" என்று கவிதாவை என் மடியில் வைத்தாள். ஐந்து மாதம். பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, அழுதது. பிறகு என் நெஞ்சுக் குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தது. நான் அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். நிமிர்ந்தபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

சுமதி போன பிறகு அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து என் காலை அமுக்கிவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏஞ்சாமி. ராஜாமணிக்கு டி.பி.தானே?"

இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது.

"டி.பி.தானுங்கம்மா" என்றேன். "டாக்டர்கிட்டக் கேட்டேன். அது வேற, இது வேறன்னு உறுதியாச் சொல்லிட்டாரு."

"சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"அப்பச் செரி" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். காலை அமுக்குவதை நிறுத்தவில்லை.

பிறகு கோயம்புத்தூரில் ஆபரேஷன். கணையக் குழாயைத் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். கல்லை ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். கல்லுப்பு மாதிரி இருந்தது. இன்றும் காலையும் மாலையும் இன்சுலின், சாப்பாட்டோடு மாத்திரை. நெஞ்சில் நீர் திரும்பவில்லை. என்னிடம் விவரம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டி.பி. மருந்துக்கு அடங்காமல் நெஞ்சு நீர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த நீரில் அமைலேஸ் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வயிற்று வலியையும் தாகத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மா அதன்பின் பதினாறு வருஷம் இருந்தாள். போன தை மாதம் படுத்தாள். கவிதா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கவிதாவை வெளியே போகச் சொல்லிவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"அன்னிக்கு மருந்துக் கட பூட்டியிருந்துச்சு சாமி. சுருக்கா வந்துட்டேன். நீயும் டாக்டரும் பேசுனதெல்லாம் தெரைக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன்."

"பின்ன ஏம்மா என்கிட்டக் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றேன்னு பாத்தேன். நீ டி.பி.தான்னு சொன்னே. அந்த ஒரு சொல்லப் புடிச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசமும் சோறு தின்னேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடு குறைந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப அவகிட்டப் போறேன். ஏம்மா என்னையத் தனியாப் போட்டேன்னு அவ கேட்டா, நான் என்னன்னு சொல்லட்டும்?"